மஞ்சளை அமுக்கு, பச்சையை அமுக்கு

வார்டில் என்னைக் கடுகு சிஸ்டர் என்பார்கள். ஆள் குள்ளம், வாய் காரம். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும். இதைச் சொல்ல உட்காரும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. இனிக்க இனிக்கச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் வார்டில் முப்பது கட்டில். பகல் டூட்டிக்கு நாலு நர்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர். மீதி இரண்டு பேர் எங்கே என்று கேட்டால் "ஆள் எடுத்துக்கிட்டு இருக்கோம்" என்பார்கள். மூன்று வருடமாக எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆள் வரவில்லை, பம்ப் வந்தது. பம்ப் என்றால், ட்ரிப்ஸ் மருந்தை மணிக்கு இவ்வளவு என்று அளந்து நோயாளியின் நரம்புக்குள் தள்ளும் பெட்டி. எட்டுப் பெட்டி. திறப்பு விழா மாதிரி ரிப்பன் கூடக் கட்டினார்கள். பெட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். மருந்து தீர்ந்தால் கத்தும், குழாயில் காற்று வந்தால் கத்தும், மருந்து போகிற வழி அடைத்தால் கத்தும். கத்துவது அதன் வேலை. ஓடி வந்து பார்ப்பது எங்கள் வேலை. முப்பது கட்டிலுக்கு நாலு கால் எத்தனை முறைதான் ஓடும்?

எட்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு நூறு தடவை கத்தும். தொண்ணூறு தடவை ஒன்றுமே இருக்காது. நோயாளி கையை மடக்கியிருப்பார், இல்லை குழாய் மேலேயே புரண்டு படுத்திருப்பார். கையை நீட்டிவிட்டு, சத்தத்தை நிறுத்தும் மஞ்சள் பட்டனை அமுக்கி, மறுபடி ஓடவிடும் பச்சைப் பட்டனை அமுக்கினால் தீர்ந்தது. அதனால் நாங்களே ஒரு வழி செய்துகொண்டோம். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கோ மகனுக்கோ சொல்லிக்கொடுத்துவிடுவது. "கத்தினா பயப்படாதீங்க. கைய நீட்டச் சொல்லுங்க. மஞ்சள அமுக்குங்க, பச்சைய அமுக்குங்க." எங்கள் சிக்னலில் சிவப்பே கிடையாது என்று நாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்வோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. எந்தச் சுற்றறிக்கையிலும் அது இல்லை. மேட்ரன் சுற்றிப் பார்க்க வரும்போது உறவுக்காரர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளைகளாக நிற்பார்கள். எட்டுப் பெட்டி உள்ள வார்டு இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று மேட்ரனுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. வரவும் வராது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடும்.

பதினாலாம் கட்டிலில் இருந்தவர் ஒரு தையல் கடையின் கட்டிங் மாஸ்டர். துணியை அளந்து வெட்டிக் கொடுப்பவர். அவர் மனைவி வீட்டிலிருந்தபடி அதே கடைச் சட்டைகளின் பொத்தான் ஓட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பவர். மாஸ்டர் வாந்தி, பேதியில் உடம்பு வற்றி வந்து சேர்ந்தார். இரத்தத்தில் பொட்டாசியம் அதலபாதாளத்தில் இருந்தது. இரண்டு நாளில் இடது கை நரம்பெல்லாம் குத்திக் குத்திக் கெட்டுவிட்டது. மூன்றாம் நாள் காலை, வலது புறங்கையில் நான்தான் கேனுலா போட்டேன். நரம்புக்குள் கிடக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அது.

"சிஸ்டர், இது கத்திரி பிடிக்கிற கை" என்றார்.

"சாயங்காலம் எடுத்துடுவேன் மாஸ்டர். அதுவரைக்கும் கத்திரி கோவிச்சுக்காது."

சிரித்தார். பதினொரு மணிக்குப் பொட்டாசியத்தைப் பம்பில் ஏற்றினேன். அது வேகமாகப் போனால் இதயத்தை நிறுத்தும், நரம்பைத் தாண்டி வெளியே போனால் சதையைச் சுட்டுவிடும். ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் "எரியுது சிஸ்டர்" என்றார். பார்த்தேன். வீக்கமில்லை, சிவப்பில்லை. "கொஞ்சம் எரியத்தான் செய்யும், அது மருந்தோட குணம். பொறுத்துக்கோங்க" என்றேன். பிறகு அவர் மனைவியிடம் மஞ்சள், பச்சைப் பாடம். அவள் காஜா எடுக்கிறவள் அல்லவா, எதையும் ஒழுங்காகக் கேட்டுக்கொள்கிறவள். "எது முதல்ல சிஸ்டர், மஞ்சளா பச்சையா?" என்று இன்னொரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். இரண்டு வாக்கியம் சொன்னேன், அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. இரண்டையும் வருடக்கணக்கில் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் கட்டில் அம்மாளுக்கு மூச்சு முட்டியது. ஆக்சிஜன், டாக்டர், ஓட்டம். அது அடங்கும் முன் புதிதாக இரண்டு நோயாளிகள் வந்து ஸ்ட்ரெச்சரிலேயே காத்திருந்தார்கள். என்னோடு இருந்த இன்னொரு சிஸ்டர் மருந்து வாங்கக் கீழே போனவள், அங்கே வரிசையில் நின்றாள். பம்ப் ஓடும் கையை மணிக்கு ஒரு முறை பார்த்து, வீக்கம் உண்டா, வலி உண்டா என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். இரண்டரை மணிக்கு மேசையில் உட்கார்ந்தபோது பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று மூன்று டிக்கை ஒரே மூச்சில் போட்டேன். பார்த்துப் போடவில்லை. எல்லோரும் அப்படித்தான் போடுவோம். எல்லோரும் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. போட்டது என் கை.

இரண்டே முக்காலுக்குத்தான் பதினாலுக்குப் போனேன். மாஸ்டர் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். கை போர்வைக்குள் இருந்தது. "குளிருதுன்னு சொன்னாரு, மூடிவிட்டேன்" என்றாள் மனைவி. போர்வையை விலக்கினேன். புறங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் பலூன் மாதிரி ஊதியிருந்தது. தோல் வெளுத்து, பளபளவென்று, ஐஸாகச் சில்லிட்டிருந்தது. கேனுலாவைச் சுற்றி நீலம் பாய்ந்து கொப்புளம். விரல்களை அசைக்கச் சொன்னேன். அசையவில்லை.

பம்பை நிறுத்தினேன். கேனுலாவைப் பிடுங்காமல், சிரிஞ்சு வைத்து உள்ளே கிடந்த மருந்தை முடிந்த மட்டும் உறிஞ்சினேன். பிறகு அதை எடுத்து, கையைத் தலையணை மேல் உயர்த்தி, வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் கோடிட்டேன். டாக்டர் வந்தார், அடுத்த பத்தாவது நிமிடம் சர்ஜன் வந்தார். உள்ளே அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நின்றுவிடும் என்று ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய் முன்கையை நீளமாகக் கீறிவிட்டார்கள். எனக்கு எல்லாம் சரியாகச் செய்யத் தெரிகிறது பாருங்கள். வீடு எரிந்த பிறகு எவ்வளவு அழகாகத் தண்ணீர் ஊற்றுகிறேன்!

"கை பொழைக்கும். புறங்கைத் தோல் போயிடும், வேற எடத்துல இருந்து எடுத்து ஒட்டணும். விரல் எவ்வளவு மடங்கும்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார் சர்ஜன். கத்திரிக்குள் விரல் நுழைய வேண்டும், மடங்க வேண்டும். மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் மேட்ரன் அறைக்குக் கூப்பிட்டார். "பம்புக்குள்ள எல்லாம் பதிவாயிருக்கு" என்றார். "பன்னெண்டு இருபதுல இருந்து பதினோரு தடவ வழி அடைச்சிருக்குன்னு கத்தியிருக்கு. பதினோரு தடவயும் அந்த அம்மா அமுக்கி ஓடவிட்டிருக்கு. உன் தாள்ல மணிக்கு மணி டிக் இருக்கு. உனக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். வாய மூடிக்கிட்டு இருந்தா போதும்."

"அவங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னு நீங்க கேக்கலியே, மேடம்."

"நான் கேக்க மாட்டேன்" என்றார் மேட்ரன். "நீயும் சொல்லாத."

இதுதான் எங்கள் நிர்வாகம். கேட்காமல் இருக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அங்கே பதவி உயர்வு. அன்றைக்கு நானும் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். கோபம் யார் மேல் என்று எனக்கே பிடிபடவில்லை, எல்லோரையும் வரிசையாக நிறுத்தித் திட்டிக்கொண்டிருந்தேன். வரிசையின் கடைசியில் நான் நின்றேன். அங்கே வரும்போது மட்டும் திட்டு தீர்ந்துபோனது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பதினாலாம் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். மேட்ரன், அவருக்குப் பக்கத்தில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஃபைல் சார். கக்கத்தில் ஃபைல் இல்லாமல் அவரை அவர் பெண்டாட்டியே அடையாளம் கண்டுபிடிக்க மாட்டாள். மாஸ்டர் கையில் பெரிய கட்டோடு கண்மூடிக் கிடந்தார். அவருடைய அண்ணன், காலையில்தான் வந்து சேர்ந்தவர், தம்பி மனைவியை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"மெஷினத் தொடச் சொல்லி இவளுக்கு யாரு சொன்னது? எல்லாம் தெரிஞ்ச மாதிரி எதுலயும் கைய விடுறது! என் தம்பி கையே போச்சு. கடைக்காரன் நாளைக்கே வேற மாஸ்டர வச்சுக்குவான். பொழப்புல மண்ணப் போட்டுட்டியேம்மா!"

அவள் தலை குனிந்து நின்றாள். முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

ஃபைல் சார் தொண்டையைக் கனைத்துப் படிவத்தைப் படித்தார். "நோயாளியின் உறவினர், மருத்துவமனைப் பணியாளரின் அனுமதியின்றிக் கருவியை இயக்கியதால் இச்சம்பவம் நிகழ்ந்தது." படித்துவிட்டு, "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்றார். பிறகு, காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்கிற தினுசில், "யாராவது சொல்லிக்குடுத்தாங்களா? இல்லதானே?" என்றார்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. இதை மறைத்துச் சொன்னால் இந்தக் கதையைச் சொல்வதற்கே அர்த்தமில்லை. திறக்கவில்லை. பத்தொன்பது வருடம் என் நாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் அமுக்கினேன்" என்றாள்.

சொல்லிவிட்டு எனக்குக் கண்ணாலேயே ஒரு சின்னச் சைகை. பயப்படாதீங்க சிஸ்டர், நான் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்பது போல. எனக்கு அப்போது வந்த ஆத்திரத்துக்குப் பெயரே கிடையாது. அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. புருஷன் கையைத் தின்றவளுக்குப் பரிசு கொடுக்கிறாளே இந்தப் பைத்தியக்காரி! அவர் இன்னும் எங்கள் வார்டில்தான் கிடக்க வேண்டும், எங்கள் கையால்தான் மருந்து வாங்க வேண்டும், சிஸ்டர்களைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்திருப்பாள். அல்லது நிஜமாகவே என் மேல் இரக்கப்பட்டிருப்பாள். எது உண்மை என்றாலும் எனக்கு வெட்கக்கேடு.

அவள் பேனாவை வாங்கினாள். அந்த நேரம் பதினைந்தாம் கட்டில் பம்ப் கத்தியது.

அங்கே உட்கார்ந்திருந்தவர் நோயாளியின் மருமகன். கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. "மாமா, கைய நீட்டுங்க" என்றார். மஞ்சளை அமுக்கினார். பச்சையை அமுக்கினார். மறுபடி கைப்பேசிக்குள் போய்விட்டார்.

மேட்ரன்தான் முதலில் பாய்ந்தார். "ஏங்க, நீங்க எதுக்கு அதத் தொடுறீங்க?"

மருமகன் விழித்தார். "சிஸ்டருங்கதானே சொன்னாங்க? ரெண்டு நாளா நான்தான் அமுக்குறேன். தப்பா?"

"தப்புதான். என் தப்பு" என்றேன். "இவருக்குச் சொன்னது எங்கள்ல யாரோ. அந்த அம்மாவுக்குச் சொன்னது நான். கையெழுத்து போடாதம்மா, பேனாவ கீழ வை."

"சிஸ்டர் ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க" என்றார் ஃபைல் சார், மேட்ரனைப் பார்த்து. "மணிக்கு மணி பார்த்திருக்காங்க, தாள்ல டிக் இருக்கு. அவங்க மேல எந்தக் குத்தமும் இல்ல."

"அந்த டிக் பொய். மூணும் ரெண்டரை மணிக்கு உக்காந்த எடத்துல போட்டது."

"இதையெல்லாம் எழுத இந்தப் படிவத்துல எடமில்ல சிஸ்டர்."

"தெரியும் சார். அதனாலதான் வேற எடத்துல எழுதப் போறேன்."

கட்டில் கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்து நர்ஸ் குறிப்புப் பக்கத்தைத் திருப்பினேன். ஃபைல் சார் கையை நீட்டினார். "அத வைங்க" என்றார். நான் வைக்கவில்லை. "நர்ஸ் குறிப்புல எழுதினத அடிச்சா ஒரே கோடுதான் போடணும், தாளக் கிழிச்சா போலீஸ் கேஸுன்னு போன மாசம் எங்களுக்கு வகுப்பு எடுத்தீங்க. நல்லா எடுத்தீங்க சார்" என்றேன். நின்றபடியே எழுதினேன். தேதி, நேரம் போட்டேன். எழுத எழுத உரக்கப் படித்தேன், அண்ணன்காரர் காதிலும் விழட்டும் என்று.

"நேற்று பதினொரு மணிக்குப் பொட்டாசியம் தொடங்கினேன். எரிகிறது என்று நோயாளி சொன்னார். எரியும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எரிச்சல் கூடினால் கூப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. பம்ப் கத்தினால் நிறுத்தி ஓடவிடும்படி அவர் மனைவிக்கு நான் கற்றுக்கொடுத்தேன். அவர் நான் சொன்னபடி செய்தார். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு மணிக்கு நான் கையைப் பார்க்கவில்லை. வார்டில் முப்பது நோயாளிகள், இரண்டு நர்ஸ்." கீழே கையெழுத்து, என் பதிவு எண்.

"உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிட்ட" என்றார் மேட்ரன், பல்லுக்கிடையில்.

"என் தலையிலயே கிடக்கட்டும் மேடம். அவ தலையில கொட்டாதீங்க."

ஃபைல் சார் ஃபைலை மூடிக்கொண்டு நடையைக் கட்டினார். மேட்ரன் பின்னாலேயே போனார். மெமோவும் சஸ்பென்ஷனும் மறுநாள் வந்தன. அதில் புலம்ப ஒன்றுமில்லை, வர வேண்டியதுதான். ஆள் எடுக்கிறார்களா என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள்.

அண்ணன்காரர் தம்பி மனைவியைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு நிமிடம் எனக்கு மனசு லேசாகியது. உண்மையைச் சொல்லிவிட்டோம், ஒருத்தியின் பழியைத் துடைத்துவிட்டோம் என்று ஒரு அற்பத் திருப்தி. அவள் அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்றுகூட எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் அழவில்லை. பேனாவைக் கட்டில் மேல் வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"அப்ப, அது அப்படி எரியக்கூடாதா?"

"அவ்வளவு எரியக்கூடாதும்மா."

"அது கத்தினா உங்களத்தான் கூப்பிடணுமா?"

"ஆமா."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். முந்தின நாளிலிருந்து தன்மேல் திருப்பி வைத்திருந்தது எல்லாம் அவளுக்குள் எழுந்து என் பக்கம் திரும்பி நின்றது. அவள் பேச்சில் 'சிஸ்டர்' போய்விட்டது, 'நீங்க' போய்விட்டது.

"வலிக்குதுன்னு நாலு தடவ சொன்னாரு. ஊசிய எடுத்துடச் சொல்லுன்னு கெஞ்சினாரு. கடைசித் தடவ அழுதாரு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல அவரு அழுது நான் பார்த்ததில்ல. அப்பவும் நான் உன்னக் கூப்பிடல." அவள் குரல் உயரவில்லை. வார்டு முழுக்கக் கேட்டது. "'சின்னப் பிள்ளையா நீங்க, எரியும்னு சிஸ்டர் சொன்னாங்கல்ல'ன்னு அதட்டி, அந்தக் கைய நான்தான் போர்வைக்குள்ள வச்சு மூடினேன். உன் பேச்ச நம்பி அவர அதட்டினேன்டி."